மழையே இல்லாமல் விடியற்காலையில் சொட்டும் கூரை: குளிர்காலக் கூரைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

கூரை ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒழுகுகிற இடத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் நேரத்தைக் கேட்பேன். மழை தொடங்கி எத்தனை நிமிடத்தில் சொட்டியது? மழை விட்ட பிறகும் சொட்டியதா? மழையே இல்லாத நாளில் சொட்டியதுண்டா? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இடம் ஏமாற்றும். ஓட்டுக் கூரையில் முகட்டருகே நுழைந்த தண்ணீர் சட்டத்தின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வழிந்து வந்து, இரண்டு மூன்று மீட்டர் தள்ளிச் சொட்டும். கான்கிரீட் தளத்தில் விரிசல் ஒரு மூலையில் இருக்கும். தண்ணீர் உள்ளே புதைத்த மின்குழாய் வழியாக ஓடி, நடு அறையில் மின்விசிறிக் கொக்கியில் இறங்கும். நேரம் இப்படி ஏமாற்றுவதில்லை.

தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிராத ஊர்களில், குளிர்காலத்தில் கூரையைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. பனிக்கட்டிச் சுமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூரை காய நேரம் கிடைப்பதில்லை. பகல் சுருங்குகிறது, வெயில் சாய்ந்து விழுகிறது, இரவெல்லாம் பனி இறங்குகிறது. கோடையில் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துபோகும் ஈரம் இப்போது நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தக் காயாத ஈரத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

காத்திருக்கக் கூடாதவை

விளக்கு, மின்விசிறி, சுவிட்ச் பெட்டி இவற்றின் வழியாகத் தண்ணீர் வந்தால், அந்த இணைப்பின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். சுவிட்சைத் தொட்டு நிறுத்தாமல் மெயினில் நிறுத்துவது நல்லது. மெயின் பெட்டியே நனைந்திருந்தால் அதையும் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஜிப்சம் பலகை போட்ட உள்கூரை தொப்பை போலத் தொங்குகிறது என்றால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. கீழே வாளி வைத்து, தொங்கும் பகுதியின் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் சின்னத் துளை போட்டு வடிய விடுங்கள். விட்டுவைத்தால் பலகையோடு சேர்ந்து மொத்தமாக விழும்.

மேலே ஏறுவது பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாசி பிடித்த கூரை ஈரமாக இருக்கும்போது யாரும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது, எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி. ஏணியின் அடி, 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் என்ற கணக்கில் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். தலை கூரை விளிம்புக்கு மேல் 1 மீட்டராவது நீண்டிருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டிலும் பழைய பிளாஸ்டிக் ஷீட்டிலும் ஏறவே கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும். கால் வைத்தால் நொறுங்கி ஆளை உள்ளே தள்ளிவிடும்.

பென்சிலோடு தொடங்குங்கள்

உள்கூரையில் பழுப்பு வளையம் தெரிகிறதா? அதன் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு பாருங்கள். கறை கோட்டைத் தாண்டியிருந்தால் கசிவு உயிரோடு இருக்கிறது. தாண்டாவிட்டால் அது எப்போதோ நின்றுபோன கசிவின் தழும்பாக இருக்கலாம். இரண்டு மூன்று மழை பார்த்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால் போதும். இந்தச் சின்னக் கோடு போடாததால் தேவையே இல்லாத தளவேலைக்குச் செலவழித்த வீடுகள் உண்டு.

மழை இல்லை, ஆனால் விடியற்காலையில் சொட்டுகிறது

தகரக் கூரை வீட்டுக்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். என்னையும் இரண்டு குளிர்காலம் அலைக்கழித்தது. எங்கள் பின்கட்டு அறைக்குத் தகரக் கூரை. விடிகிற நேரத்தில் தலையணையில் சொட்டுச் சொட்டாக விழும். ஸ்க்ரூக்களை மாற்றினோம், ஒவ்வொரு தலையின்மேலும் சிலிக்கான் வைத்தோம், ஷீட் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடமெல்லாம் டேப் ஒட்டினோம். சொட்டு நிற்கவில்லை. ஒருநாள் அதிகாலை நான்கு மணிக்கு டார்ச்சோடு ஸ்டூலில் ஏறி, தகட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினேன். உள்ளங்கை முழுக்க நனைந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தகடு முழுவதும் கடுகளவு நீர்முத்துக்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து, பளு தாங்காமல் வழிந்து, குறுக்குக் கம்பியில் வந்து நின்று சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஓட்டை இத்தனை பரப்பை நனைக்காது. அது ஒழுகல் இல்லை, வியர்வை.

நடப்பது இதுதான். மேகமில்லாத இரவில் கூரைத் தகடு தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அறைக்குள் 20 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், தகடு குளிர்ந்து 16 டிகிரிக்குச் சற்று மேல் வரும்போதே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியத் தொடங்கும். மூடிய அறையில் நாம் விடும் மூச்சு, சமையல் ஆவி, குளியலறை ஆவி, உள்ளே கொடியில் காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து அந்த ஈரத்தைக் கொடுக்கின்றன.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வானம் தெளிந்த இரவுகளில் சொட்டி, மேகம் மூடிய இரவுகளில் சொட்டாமல் இருந்தால் அது வியர்வை. மழைக் கசிவு இதற்கு நேர்மாறு.

சரிசெய்ய சிலிக்கான் உதவாது. காற்றோட்டமும் வெப்பக் காப்பும் வேண்டும். துணி காயப்போடுவதை வெளியே மாற்றுங்கள். குளியலறை, சமையலறை வெளியேற்று விசிறியின் குழாய் பரணுக்குள் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்படி விட்டுவிட்டுப் போகும் ஆட்கள் நிறையப் பேர். அந்தக் குழாயைச் சுவருக்கோ கூரைக்கோ வெளியே கொண்டுபோக வேண்டும். கூரையின் தாழ்ந்த ஓரத்திலும் முகட்டிலும் வலை அடித்த திறப்பு வைத்தால் ஈரக் காற்று தானாக மேலேறி வெளியேறும். இதற்கும் நிற்காவிட்டால் தகட்டின் அடியில் காப்புப் பலகை போட வேண்டும். போடும்போது இணைப்புகளை டேப்பால் நன்றாக மூடாவிட்டால், ஈரக் காற்று இடுக்கு வழியாகப் போய்ப் பலகைக்கு மேலே தகட்டில் படியும். அது கண்ணுக்கே தெரியாது. எங்கள் அறையில் திறப்பு வைத்து, துணிக்கொடியை எடுத்ததிலேயே சொட்டு நின்றுவிட்டது.

மழை பிடித்த சில நிமிடங்களில் சொட்டுகிறது

நேர்வழித் திறப்பு. உடைந்த ஓடு, நழுவிய ஓடு, ஸ்க்ரூ துளை, அல்லது குழாயும் சுவரும் கூரையைச் சந்திக்கும் இடம். சொட்டும் இடத்திலிருந்து கூரை ஏறும் திசையில் தேடுங்கள். கீழே தேடுவது வீண்.

பகலில் பரணில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஊசிமுனை வெளிச்சம் தெரியும். தெரியாவிட்டால் ஹோஸ் சோதனை: ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே. கூரையின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரே இடத்தில் 10 முதல் 15 நிமிடம் தண்ணீர் விட்டு, பிறகு ஒரு மீட்டர் மேலே போங்கள். மழை போல மேலிருந்து கீழே ஓட விட வேண்டும். கீழிருந்து மேலே பீய்ச்சினால் நல்ல ஓட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்து நம்மைக் குழப்பும். பொறுமை வேண்டும். முகட்டிலிருந்து தொடங்குகிறவர்களுக்குக் கூரை முழுவதும் நனைந்துவிடும், எங்கே நுழைந்தது என்பது தெரியாது.

தகரத்தில் பெரும்பாலும் குற்றவாளி ஸ்க்ரூவின் அடியிலுள்ள கருப்பு ரப்பர் வாஷர். வெயிலில் வெடித்துக் கல்லாகியிருக்கும். அல்லது முதல் நாளே அளவுக்கு மீறி முறுக்கி, பிதுங்கிக் கிழிந்திருக்கும். வாஷர் லேசாக அமுங்கி ஸ்க்ரூ தலையின் ஓரத்தோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். துளை பெரிதாகியிருந்தால் ஒரு அளவு தடிமனான ஸ்க்ரூ போடுங்கள். சிலிக்கான் வாங்கும்போது கவனம்: வினிகர் வாடை அடிக்கும் வகை, காயும்போது அமிலத்தை விடும். துத்தநாகம் பூசிய தகட்டை அது அரிக்கும், சிமெண்டிலும் சரியாக ஒட்டாது. வாடை இல்லாத நியூட்ரல் வகையையோ பாலியூரித்தேன் சீலண்டையோ கேட்டு வாங்குங்கள்.

ஓடு உடைந்து மாற்று ஓடு கையில் இல்லையென்றால், ஒரு தகரத் துண்டை மேல் ஓட்டின் அடியில் நன்றாக உள்ளே போகும்படி செருகி, கீழ் ஓட்டின்மேல் படிய விடலாம். சில வாரம் தாங்கும். உடைந்த ஓட்டின்மேல் சிமெண்டை அப்ப வேண்டாம். பாரம்தான் கூடும், சிமெண்ட் சுருங்கி ஓரத்தில் மறுபடி பிளவு விடும்.

காற்றோடு பெய்தால் மட்டும் சொட்டுகிறது

ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அளவு போதவில்லை, அல்லது இடுக்கில் சருகும் மண்ணும் அடைத்துத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கிறது. இடுக்கைச் சுத்தம் செய்தாலே பல வீடுகளில் நின்றுவிடும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தபோது சொட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சுவர் விரிசலையும் ஜன்னல் மேல்விளிம்பையும் பாருங்கள். கூரைமேல் பழி போட்ட கசிவு பல தடவை சுவர் வழியாக வந்திருக்கும்.

மழை விட்டு அரை நாள் கழித்துச் சொட்டத் தொடங்குகிறது, அல்லது நாள் முழுக்கக் கசிகிறது

இது மொட்டை மாடித் தளத்தின் நோய். மேலே தண்ணீர் தேங்கி, மெல்ல ஊறி இறங்குகிறது.

மழை விட்ட இரண்டாம் நாள் மேலே போங்கள். 48 மணி நேரம் ஆகியும் தேங்கி நிற்கும் தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்த இடங்களில்தான் வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சாய்வு, கெட்டிருக்கிறது. தளத்துக்குக் குறைந்தபட்சம் 1 மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் வேண்டும். முதலில் வடிகுழாய் வாயைப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பையும் கைப்பிடிச் சருகும் போதும், தளம் குளமாகிவிடும். 100 சதுர மீட்டர் தளத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். அத்தனையும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். தட்டையான சல்லடை மூடியை எடுத்துவிட்டுக் குமிழ் வடிவ மூடி போடுங்கள். சருகு சுற்றிலும் ஒதுங்கினாலும் மேல்பக்கமாகத் தண்ணீர் இறங்கும்.

அடுத்து, தளத்தை ஒரு மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டியான சத்தம் வரும் இடம் நன்றாக இருக்கிறது. பானையைத் தட்டிய மாதிரி பொள்ளென்று கேட்டால், மேல் ஓடு தளத்திலிருந்து பிரிந்து அடியில் தண்ணீர் நிற்க இடம் இருக்கிறது. வெயில் வந்த பிறகும் நாள் கணக்கில் கசிவது இந்தப் பதுக்கல் தண்ணீரால்தான். அங்கே மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் பயனில்லை. பிரிந்த ஓடுகளைப் பெயர்த்து, காயவைத்து, திரும்பப் பதிக்க வேண்டும்.

பிறகு கைப்பிடிச் சுவர். என் அனுபவத்தில் தளத்தின் நடுவைவிடச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் கசிவு அதிகம். அந்த மூலை செங்குத்தாக இருந்தால் எந்தப் பூச்சும் அங்கே கிழியும். கலவையால் உருண்டையாக வளைத்துப் பூசி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரில் 15 செ.மீ. உயரத்துக்காவது ஏற்ற வேண்டும். சுவரின் தலையையும் பாருங்கள். தலையில் விரிசல் விட்ட கைப்பிடிச் சுவர் திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சிக் கீழே அனுப்பும். தலைப்பூச்சு மாடிப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

விரிசலைத் தேட இதைவிட நல்ல பருவம் கிடையாது. கான்கிரீட் குளிரில் சுருங்கும். 10 மீட்டர் நீளத் தளம் 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. மாறும். கோடையில் மூடிக்கொண்டு தெரியாத விரிசல் இப்போது வாய் திறந்து காட்டும். இந்த அசைவு இருப்பதால்தான் விரிசலைச் சிமெண்ட் பாலால் அடைப்பது ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. உலர்ந்த விரிசலை V வடிவில் கொஞ்சம் அகலமாக்கி, தூசியை ஊதித் துடைத்து, நீண்டு சுருங்கக்கூடிய பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்புங்கள். பிவிசி குழாய் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு நீண்டு சுருங்குவதால், குழாய் தளத்தை ஊடுருவும் இடத்திலும் இதே முறைதான்.

நீர்த்தடுப்புத் தாள் விரிப்பு போட்ட தளத்தில் அப்பளம் போலக் கொப்புளம் எழும்பியிருந்தால், காய்ந்த நாளில் அதைக் குறுக்காக வெட்டி, நான்கு இதழையும் விரித்து, உள்ளே முழுக்க உலரவிட்டு, திரும்ப ஒட்டி, மேலே ஒரு துண்டு போடுங்கள். துண்டு வெட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் 10 செ.மீ. நீண்டிருக்க வேண்டும்.

எதிலும் பிடிபடாவிட்டால் நீர் நிறுத்திப் பார்க்கும் சோதனை. வடிகுழாயை அடைத்து 2.5 செ.மீ. தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துவது வழக்கம். ஆனால் அது சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடுதல் பாரம். கம்பி தெரிகிற, தொய்ந்த, வயதான தளத்தில் இதைச் செய்யவே கூடாது. நல்ல தளத்திலும் மண்ணால் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகச் சோதிப்பதையே நான் விரும்புகிறேன். எந்தப் பாத்தி கசிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

வாரக்கணக்கில் வெயில், ஆனாலும் ஈரம் குறையவில்லை

கூரையை விடுங்கள், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தி, தொட்டிக்குள் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தொட்டியோ அதிலிருந்து வரும் குழாயோ கசிகிறது. தொட்டி நிறைந்து வழியும் குழாய் தளத்திலேயே ஊற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சொட்டு இல்லை, மேல் மூலையில் கருப்புப் புள்ளிகள்

வெளிச்சுவரும் கூரையும் சேரும் மூலை, அலமாரியின் பின்புறம் இங்கெல்லாம் குளிர்காலத்தில் பூஞ்சை வரும். கசிவா, உள்ளீரமா என்று அறிய, அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஒரு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப்பால் மூடி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நனைந்தால் அறையின் ஈரம் படிகிறது. உரித்துப் பார்க்கும்போது உட்பக்கம் நனைந்திருந்தால் தளத்திலிருந்து ஈரம் வருகிறது. முதலாவது என்றால் காலையில் ஜன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள், முகக்கவசம் அணிந்து சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள். பூஞ்சையின்மேல் பெயிண்ட் அடித்தால் உரித்துக்கொண்டு வெளியே வரும்.

வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருந்தால் அது ஈரம் தளத்தின் ஊடாக வந்ததற்கு அடையாளம். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

கூரையோர வாய்க்கால் வழிகிறது

சருகை அள்ளிய பிறகும் வழிந்தால் வாட்டத்தைப் பாருங்கள். 3 மீட்டருக்கு 5, 6 மி.மீ. சாய்வு வேண்டும். மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மழைப் பருவத்துக்கு முன் ஒருமுறை, இலையுதிர்வு முடிந்ததும் ஒருமுறை அள்ளினால் போதும். மரம் கூரைமேல் கவிந்திருந்தால் மாதம் ஒருமுறை.

பாசி

நிழல்தான் வேர்க்காரணம். கவிந்த கிளையை வெட்டினால் பாதிப் பாசி தானாகக் காயும். மீதியை உலர்ந்த நாளில், முகட்டிலிருந்து கீழ்நோக்கி, நார்ப் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அழுத்த நீர்ப் பம்பு வேண்டாம். ஒரு மணி நேரத்தில் பளபளக்கும், ஆனால் ஓட்டின் மேல்தோலை உரித்துவிடும், அடுத்த பாசி இன்னும் வேகமாக வேர் பிடிக்கும். பிளீச் பயன்படுத்தினால் அமிலத்தோடோ அமோனியா உள்ள திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். முகட்டுக்குக் கீழே துத்தநாகப் பட்டை அடித்தால் அதில் பட்டு வழியும் மழைநீர் பாசியை அண்டவிடாது. மழைநீரைக் குடிக்கச் சேமிக்கும் வீட்டில் மட்டும் அதைத் தவிருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பாசியைத் தேய்க்கவே கூடாது. இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும்.

உள்கூரைக் கான்கிரீட் பொரிந்து விழுகிறது

கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும்; அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. பொரிந்த இடத்தில் நேராகக் கலவை பூசி மறைப்பது ஆபத்து, துரு உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம். கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இதை மட்டும் வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

குளிர்காலத்தில் பூச்சு அடிப்பதானால்

காரணம் தெரிந்து, விரிசலை அடைத்த பிறகுதான் இது. முதல் நாள் மாலை, அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை ஓரம் முழுக்க டேப் போட்டுத் தளத்தில் ஒட்டுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் தளம் இன்னும் காயவில்லை. பூச்சு கொப்புளமாக எழும்பும், வேலையைத் தள்ளிப்போடுங்கள். காய்ந்திருந்தால், பனி ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்கு நான்கு மணி நேரமாவது இருக்கும்போது முடித்துவிடுங்கள். வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளில் அக்ரிலிக் பூச்சு சரியாகப் படலம் கட்டாது. முதல் கோட் நீளவாட்டில், அது காய்ந்ததும் இரண்டாவது குறுக்குவாட்டில். சாயங்காலம் ஐந்து மணிக்கு "இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிடலாம்" என்று வேலையாள் சொன்னால் தடுத்துவிடுங்கள். அந்தக் கடைசிப் பட்டைதான் இரவுப் பனியில் கரைந்து, காலையில் பாலாக வடிகுழாய்க்குள் ஓடும்.